கற்பித்துக் கற்றல்: கல்லூரி மாணவர் நடத்தும் குறுவகுப்புகள்

பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலை எழுத்துக்கும் சொல்லுக்கும் இலக்கணம் கூறும் நூலாகவே நாம் பெரும்பாலும் பயில்கிறோம். தேர்வுக்கு வேண்டிய நூற்பாக்களைக் குறித்துக்கொண்டு பொதுப்பாயிரத்தை விரைந்து கடந்துவிடுகிறோம். ஆசிரியர் எத்தகையவர், மாணாக்கர் எத்தகையவர், பாடம் கேட்கும் முறை யாது என்பனவற்றைப் பேசும் அப்பகுதியில் ஒரு கணக்கு உண்டு. ஆசிரியர் கூறியதை ஒருவன் செவ்வையாகக் கேட்டுக்கொண்டாலும் அவனுக்குக் கிட்டுவது புலமையில் கால் பங்கே. உடன் பயில்வோரோடு கலந்து பழகுவதால் மற்றொரு கால் பங்கு கிட்டும். எஞ்சிய அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறர்க்குத் தெளிவாக விரித்துரைக்கும்போதுதான் வந்து சேரும். ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன்னர் வகுக்கப்பட்ட இக்கணக்கை நம் கல்லூரிகளின் இன்றைய நிலையோடு பொருத்திப் பார்ப்பது நம் கடமையாகும்.

நம் மாணவர்கள் வகுப்பறையில் கேட்கிறார்கள்; விடுதியிலும் நூலகத்திலும் நண்பர்களோடு கலந்து படிக்கிறார்கள். ஆக, இரண்டு கால் பங்குகளுக்கு வழி இருக்கிறது. விரித்துரைக்கும் வாய்ப்போ பட்டம் பெற்று ஆசிரியப் பணிக்குச் செல்லும் சிலருக்கு மட்டுமே அமைகிறது. ஏனையோர் மூன்றாண்டுகள் பயின்றும் அரைக் கல்வியோடு வெளியேறுகின்றனர் என்றால் அது மிகையாகாது. இக்குறையை நீக்கவல்ல எளிய வழி ஒன்றனைப் பற்றியே இக்கட்டுரை பேச விழைகிறது. கல்லூரி மாணவர்கள் பள்ளிச் சிறாருக்கு நடத்தும் குறுவகுப்புகளே அவ்வழி.

குறுவகுப்பு என்பது யாது?

குறுவகுப்பு என்பது ஒரு மணி நேர அளவில், ஒரே ஒரு பொருளைப் பற்றி, விரும்பி வரும் சிறார்க்கு நடத்தப்படும் வகுப்பு ஆகும். இதில் தேர்வு இல்லை, மதிப்பெண் இல்லை, வீட்டுப்பாடமும் இல்லை. பள்ளிப் பாடத்தைத் திரும்பச் சொல்லும் தனிப்பயிற்சி வகுப்பு வேறு, இது வேறு. பின்தங்கிய மாணவரைத் தேர்ச்சிபெறச் செய்யும் சிறப்பு வகுப்பும் அன்று. மேடையேறி அறிவுரை வழங்கும் சொற்பொழிவும் அன்று. பாடநூலில் இடம்பெறாத, ஆனால் சிறுவர் மனத்தில் ஏதோ ஒரு மூலையில் கிடக்கும் வினாவை எடுத்து, அதனைச் சற்று விளக்கி, மேலும் பத்து வினாக்கள் எழும்படி விட்டுவிடுவதே இதன் நோக்கம்.

கற்பிப்பவர் வயதில் பெரிய வேற்றுமை இல்லாதவராய் இருப்பதே இதன் சிறப்பு. பேராசிரியர் ஒருவர் எதிரே நின்றால் எட்டாம் வகுப்பு மாணவி எழுந்து நிற்பாள். வினா எழுப்ப மாட்டாள். ‘அக்கா’ என்று அழைக்கத்தக்க ஒருத்தி தரையில் அமர்ந்து பேசினால் அவள் மனத்தில் உள்ளதெல்லாம் வெளிவரும்.

பழைய மரபு

மூத்த மாணவர் இளையவர்க்குக் கற்பிக்கும் முறை நமக்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்னும் மூத்த மாணாக்கன் இளையோர்க்கு எழுத்தறிவித்தான். நம் தெருக்களில் உள்ள ஓதும் பள்ளிகளிலும் முன்னே ஓதிய பிள்ளை பின்னே வந்த பிள்ளைக்கு எழுத்தைச் சுட்டிக்காட்டிச் சொல்லிக்கொடுப்பதைக் கண்டே நாம் வளர்ந்தோம்.

இம்முறை தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிச் சென்ற வரலாறும் உண்டு. 1789இல் சென்னை எழும்பூரில் தொடங்கப்பெற்ற ஆண் அநாதைச் சிறார் விடுதியில் கண்காணிப்பாளராய் அமர்ந்தவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டவர். உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதை அவர் கண்டார். தம் விடுதி ஆசிரியர்கள் அம்முறையைப் பின்பற்ற மனங்கொள்ளாமையால், எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டே சிறு பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்கச் செய்தார். அது நற்பயன் தந்தது. 1797இல் இலண்டனில் அவர் இதனை நூலாக வெளியிட, ‘மதராஸ் முறை’ என்னும் பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவியது. நம் திண்ணையில் பிறந்ததை நாமே மறந்துவிட்டோம் என்பதே உண்மை.

பிற நாடுகளில்

அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மாணவர்கள் 1957ஆம் ஆண்டில் கல்விக்கென ஓர் அமைப்பினைத் தோற்றுவித்தனர். அவ்வமைப்பு 1988 முதல் ‘ஸ்பிளாஷ்’ என்னும் பெயரில் வார இறுதி வகுப்புகளை நடத்தி வருகிறது. பள்ளியில் பயிலும் பிள்ளைகள் பல்கலைக்கழக வளாகத்திற்கே வந்து, தமக்கு விருப்பமான வகுப்புகளைத் தாமே தேர்ந்து அமர்வர். எதைக் கற்பிப்பது என்பதைக் கற்பிக்கும் மாணவரே முடிவு செய்வர். கணிதத்தின் அரிய பகுதியும் இருக்கும். காகிதத்தை மடித்து உருவம் செய்யும் கலையும் இருக்கும். இம்முறையை ஸ்டான்ஃபோர்டு முதலான பல்கலைக்கழக மாணவர்களும் மேற்கொண்டனர்.

நமக்கு அண்மையிலும் ஒரு சான்று உண்டு. இலங்கையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத் தமிழ் மாணவர்கள், தமக்குப் பின்னே வரும் உயர்தர வகுப்பு மாணவர்க்கென முன்னோடிப் பரீட்சை நடத்தி, வினாத்தாளும் விடை விளக்கமும் ஆக்கித் தந்துள்ளனர். அது தேர்வை நோக்கியது. குறுவகுப்பின் நோக்கத்தினின்றும் வேறானது. ஆயினும், தான் ஏறிய ஏணியைக் கீழே நிற்பவனுக்காகப் பிடித்துக்கொள்ளும் மனம் இரண்டிலும் ஒன்றே.

நம் நாட்டில் வழி உண்டா?

உண்டு. அண்ணல் காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவரோடு தொடங்கப்பெற்றது. இதில் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டாண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாமிலும் பங்கேற்க வேண்டும். முகாமில் சாலை செப்பனிடுகிறோம், மரக்கன்று நடுகிறோம், கோயில், பள்ளிவாசல் வளாகங்களைத் தூய்மை செய்கிறோம். இவை யாவும் நல்ல பணிகளே. எனினும் இயற்பியல் பயிலும் மாணவனின் இயற்பியலுக்கும், தமிழ் பயிலும் மாணவியின் தமிழுக்கும் அங்கு வேலை குறைவு. கையின் உழைப்பைக் கேட்கும் நாம் அவர்கள் கற்ற கல்வியைக் கேட்பதில்லை.

அண்மைக் காலச் சான்று ஒன்றும் உண்டு. கொரோனா நோய்த்தொற்றால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகளில் தொடக்க, நடுநிலை வகுப்புகள் 2021 நவம்பரில்தான் மீண்டும் திறக்கப்பட்டன. இந்த இடைவெளியை நிரப்பத் தமிழக அரசு 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தைத் தொடங்கிற்று. முதற்கட்டமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 12 மாவட்டங்களுள் நம் கடலூர் மாவட்டமும் ஒன்று. பள்ளி நேரத்திற்குப் பின்னர்த் தெருத் திண்ணையிலும் பொதுக்கூடத்திலும் தன்னார்வலர்கள் வகுப்பு நடத்தினர். அவர்களுள் கல்லூரி முடித்தோரும் பயில்வோரும், பெரும்பாலும் பெண்களும் இருந்தனர். அது இழந்த பாடத்தை ஈடுசெய்யும் பணி. ஆனால் கல்லூரிப் பெண் ஒருத்தி தன் தெருப் பிள்ளைகளுக்கு ஆசிரியையாக முடியும் என்பதை ஊரார் கண்ணாரக் கண்டது அப்போதுதான்.

ஓர் அனுபவம்

இவ்விடத்தில் நம் வாழ்வில் நேர்ந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று காலை ஆறரை மணியளவில் சுமத்திரா அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போது நாம் சிதம்பரத்தில் ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்குப் பயின்றுகொண்டிருந்தோம். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் மாணவர் சிலராகச் சேர்ந்து, கிள்ளைப் பக்கத்துத் தற்காலிகக் குடியிருப்பு ஒன்றிற்கு மாலை வேளைகளில் சென்றோம். பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் சொல்வதே நம் எண்ணம்.

முதல் நாள் பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டனர். இரண்டாம் நாள், பத்து வயதிருக்கும் ஒரு சிறுவன் நம் கதையை இடைமறித்து, “அண்ணா, கடல் ஏன் உள்ள வந்துச்சு? மறுபடியும் வருமா?” என்று கேட்டான். தமிழ் இலக்கியம் பயின்ற நமக்கு விடை தெரியவில்லை. கடல்கோளைப் பற்றிப் பழைய நூல்கள் கூறுவன தெரியும். அச்சிறுவனுக்கு வேண்டியது அதுவன்று.

மூன்றாம் நாள் கடல் உயிரியல் பயின்ற தோழி ஒருவரை உடன் அழைத்துச் சென்றோம். அவர் ஓர் அகன்ற அலுமினியத் தட்டில் நீர் நிரப்பி, தட்டின் அடிப்பகுதியைக் கையால் தட்டினார். நீர் வளையம் வளையமாய் எழுந்து விளிம்பை மோதியது. நிலத்தின் அடிப்பாறைகள் நகர்வதையும், அதனால் கடல்நீர் உயர்வதையும், ஆழ்கடலில் அவ்வலை மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி வருவதையும், கரையை நெருங்கும்போது வேகம் தணிந்து உயரம் கூடுவதையும் எளிய சொற்களில் விளக்கினார். கடலுக்குச் சினமும் இல்லை, எவர் செய்த பிழைக்கும் இது தண்டனையும் அன்று என்றார். நிலம் அதிர்ந்தாலோ, கடல் வழக்கத்திற்கு மாறாக உள்வாங்கினாலோ நின்று வேடிக்கை பாராமல் மேட்டு நிலம் நோக்கி ஓட வேண்டும் என்றும் சொன்னார். பெரியவர்களும் வந்து சுற்றி நின்றனர். தட்டைத் தானே தட்டிப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு பிள்ளையும் வரிசையில் நின்றது. நாம் கண்ட முதல் குறுவகுப்பு அதுவே. அப்போது அதற்கு அப்பெயர் தெரியாது.

புறப்படும்போது ஒரு சிறுமி, “அடுத்த வாரமும் வருவீங்களா அக்கா?” என்று கேட்டாள். வருவோம் என்று எல்லோரும் சொன்னோம். போகவில்லை. பருவத் தேர்வு வந்தது. ஆய்வேட்டுப் பணி வந்தது. காரணங்கள் பல வந்தன. இரண்டு மாதம் கழித்துச் சென்றபோது அக்குடியிருப்பினர் வேறிடம் மாற்றப்பட்டிருந்தனர். அந்தச் சிறுமி நம்மை எதிர்பார்த்தாளா என்பதை அறிய வழியில்லை. ஒன்று மட்டும் விளங்கியது. நல்ல வகுப்பு நடத்துவதைக் காட்டிலும் சொன்ன நாளில் மீண்டும் செல்வது கடினம். பிள்ளைகள் நினைவில் வைத்துக்கொள்வதும் அதனையே.

எதனைக் கற்பிக்கலாம்?

பொருளைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் கடலூர், சிதம்பரம் வட்டாரமே ஒரு பெரும் பாடநூலாகும். மூன்று சான்றுகள் காட்டுவோம்.

முதலாவது, தில்லை. சிதம்பரத்தின் பழைய பெயர் தில்லை என்பதைப் பிள்ளைகள் அறிவர். அது ஒரு மரத்தின் பெயர் என்பதையும், அம்மரம் இன்றும் பிச்சாவரத்து அலையாத்திக் காட்டில் வளர்கிறது என்பதையும் அறிந்தோர் சிலரே. அதன் பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு விளையும். ஆண் மரமும் பெண் மரமும் வெவ்வேறு. உதிர்வதற்கு முன் அதன் இலை சிவக்கும். தாவரவியல் மாணவியும் தமிழ் மாணவியும் இணைந்து இவ்வகுப்பை நடத்தலாம். 2022இல் பிச்சாவரம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றதையும், உப்பு நீரில் மரம் எவ்வாறு வாழ்கிறது என்பதையும் அதனோடு சேர்க்கலாம்.

இரண்டாவது, குண்டு. கடலூரை அடுத்துக் குண்டு உப்பலவாடி என்னும் ஊரும், நகரில் குண்டு சாலையும் உள்ளன. இப்பெயர் எவ்வாறு வந்தது? 1690இல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தொலைவு சென்று விழுமோ அவ்வளவு நிலமும் அவர்க்கே என்பது உடன்படிக்கை. குண்டு விழுந்த எல்லைக்குட்பட்ட ஊர்கள் குண்டுக் கிராமங்கள் எனப்பட்டன. வரலாற்று மாணவர் இதனைச் சொல்ல, இயற்பியல் மாணவர் எறியப்பட்ட பொருள் எக்கோணத்தில் மிகத் தொலைவு செல்லும் என்பதை ஒரு பந்தைக் கொண்டு காட்டலாம். தன் ஊர்ப்பெயருக்குள் இத்தனை செய்தியா என்று பிள்ளை வியக்கும்.

மூன்றாவது, பரங்கிப்பேட்டை. மஹ்மூது பந்தர் என்றும் போர்ட்டோ நோவோ என்றும் பல பெயர்களைத் தாங்கிய துறைமுக ஊர் அது. 1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் அங்கு ஓர் இரும்பாலையை நிறுவினார். இரும்புத் தாது கிடைப்பதோ சேலத்துப் பகுதியில். தாது இல்லாத கடற்கரையில் ஆலை ஏன்? ஆற்றுவழி, துறைமுகம், கரிக்கு வேண்டிய விறகு, கப்பல் வணிகம் என ஒவ்வொன்றாய்ப் பிள்ளைகளையே கண்டறியச் செய்தால் பொருளாதாரப் பாடம் தானே அமைந்துவிடும்.

எவ்வாறு நடத்துவது?

நம் பட்டறிவில் கண்ட சில நெறிகளைத் தொகுத்துக் கூறுவோம்.

ஒரு வகுப்பிற்கு ஒரு வினா போதும். மூன்று கருத்துகளைச் சொல்ல முயன்றால் ஒன்றும் நில்லாது. கையில் ஒரு பொருள் இருக்க வேண்டும். தட்டு, இலை, பந்து, பழைய நாணயம் என ஏதேனும் ஒன்று. பதினைந்து, இருபது பிள்ளைகளுக்கு மேல் வேண்டா. எப்போதும் இருவர் செல்ல வேண்டும். ஒருவர் கற்பிக்க, மற்றவர் எந்தப் பிள்ளையின் முகம் வாடியது, எவ்விடத்தில் கவனம் சிதறியது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். மாணவியர் உடனிருப்பதும், வகுப்பு ஊரார் கண்காணும் பொதுவிடத்தில் கதவு திறந்திருக்க நடப்பதும் இன்றியமையாதன.

பிள்ளைகள் முன் செல்வதற்கு முன்னர் அவ்வகுப்பைத் தோழர் முன்னிலையில் ஒரு முறை நடத்திப் பார்க்க வேண்டும். இங்கேதான் நன்னூல் கூறும் அரைப் பங்கு வந்து சேர்கிறது. ‘ஒளிச்சேர்க்கை’ என்று தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்ற மாணவனிடம், அச்சொல்லைப் பயன்படுத்தாமல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு விளக்கச் சொன்னால் திணறுவான். அத்திணறலே அவன் உண்மையாகக் கற்கத் தொடங்கும் இடம். நாம் அறிந்ததாக நினைத்திருந்தவற்றுள் எவ்வளவு வெறும் சொல் என்பது அப்போது வெளிப்படும்.

இறுதியாக, எத்தனை வகுப்பு என்பதை முதல் நாளே அறிவித்துவிட வேண்டும். நான்கு என்றால் நான்கு. ஐந்தாவதற்கு வருவோம் என்று ஆசை காட்டுதல் கூடாது. நான்காவதைத் தவறவிடுதலும் கூடாது.

ஐயங்கள் சில

“இவனே பாடத்தில் பாக்கி வைத்திருக்கிறான், இவன் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுப்பான்?” என்று பெற்றோர் ஒருவர் நம்மிடம் கேட்டதுண்டு. நியாயமான வினாவே. தவறாகக் கற்பித்துவிடும் இடர் உண்டு. ஆகவே துறையாசிரியர் ஒருவர் பாடக் குறிப்பைப் படித்துத் திருத்திய பின்னரே வகுப்பு நடைபெற வேண்டும். தெரியாத வினா எழுந்தால், “தெரியவில்லை, கேட்டு வந்து சொல்கிறேன்” என்று கூறும் துணிவையும் மாணவருக்குப் பயிற்ற வேண்டும். பாடத்தில் பின்தங்கிய மாணவன் ஒருவன் பிள்ளைகள் முன் நாணாமல் நிற்பதற்காகவே நூலகத்திற்குச் சென்றதை நாம் கண்டிருக்கிறோம்.

“இதற்குப் பதிலாகக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்தால் மதிப்பெண்ணாவது வருமே” என்பாரும் உளர். எழுத்துக் கூட்டிப் படிக்கவே இயலாத பிள்ளைக்கு அவ்வுதவியே முதலில் தேவை; ஒரு மணி நேரக் குறுவகுப்பு அதற்கு மாற்றாகாது. இதனை நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் படிப்பதன் மேல் விருப்பமே எழாத பிள்ளைக்கு எத்தனை தனிப்பயிற்சி வைத்தும் பயனில்லை. விருப்பத்தை எழுப்புவதே குறுவகுப்பின் வேலை. கல்லூரி வாசலையே மிதியாத குடும்பத்துப் பிள்ளை, தன் தெரு அக்கா கல்லூரியில் என்ன படிக்கிறாள் என்பதை ஒரு மணி நேரம் காண்பது அதன் வாழ்வில் ஒரு கதவைத் திறக்கலாம்.

நிறைவாக

மாணவச் செல்வங்களே, ஒரு பருவத்திற்கு நான்கு சனிக்கிழமைகள் போதும். ஒரு மணி நேர வகுப்பிற்கு மூன்று மணி நேர ஆயத்தம் என்று கொண்டால் ஆண்டுக்கு எட்டு வகுப்பிற்கு 32 மணி நேரம் ஆகும். நாட்டு நலப்பணித் திட்டத்தின் 120 மணி நேரத்தில் இது நான்கில் ஒரு பங்கைச் சற்றே மிஞ்சும்.

ஆசிரியப் பெருமக்கள் பாடக் குறிப்பைப் பார்வையிட ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டுகிறோம். ஜமாஅத் பெரியவர்களும் ஊர்ப் பெரியோர்களும் மதரசாக் கூடத்தையோ திருமண மண்டபத்தின் ஒரு பகுதியையோ சனிக்கிழமை முற்பகலில் தந்துதவ வேண்டுகிறோம். மாலையில் பிள்ளைகள் ஓதச் செல்லும் நேரத்திற்கு இது இடையூறாகாது. அனைத்துச் சமயத்துப் பிள்ளைகளும் வந்து அமரும் இடமாக அது இருத்தல் வேண்டும். ஜும்ஆவிற்குப் பின் ஓர் அறிவிப்புச் செய்தால் பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் பெற்றோரும் முன்வருவர்.

பவணந்தியார் கூறிய அரைப் பங்கு நம் மாணவர்க்கு இன்னும் பாக்கி நிற்கிறது. அதனைப் பெறும் இடம் நம் தெருவிலேயே உள்ளது. வருவோம் என்று சொல்லிச் செல்லாமற்போன ஒரு மாலைப்பொழுதை இருபதாண்டுகளுக்கு மேலாக நாம் சுமந்து வருகிறோம். நம் மாணவர்க்கு அச்சுமை நேராதிருக்கட்டும்.